மூடி திறக்காத பாட்டில்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். சில மாதங்களாக, “பூமி சூடாகிக்கொண்டே போகிறது, நாங்கள் பெரியவர்கள் ஆகும்போது வாழவே முடியாது, நான் கல்யாணமும் செய்துகொள்ள மாட்டேன், பிள்ளையும் பெற்றுக்கொள்ள மாட்டேன்” என்றே பேசுகிறாள். ராத்திரி தூங்குவதில்லை. போனில் கண்டதைப் பார்ப்பதால்தான் இப்படி என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டேன். அப்படியும் மாறவில்லை. எதற்கெடுத்தாலும் அடம். கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டிலைக்கூட மூடி திறக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். போன மாதம் பிரேயரில் மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடாததால் இருக்கும் என்றார் டீச்சர். நானும் அதே அரசுப் பள்ளியில் படித்தவள்தான். இப்போது அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். நாங்கள் எல்லாம் இப்படியா இருந்தோம்? இவள் மனதை எப்படி மாற்றுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: இப்படிக் கடிதங்கள் நிறைய வருகின்றன சகோதரி. பிள்ளையின் பெயரும் ஊரும்தான் மாறும். “வயசு அப்படி, போகப்போகச் சரியாகிவிடும்” என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

பாட்டில் மூடி திறக்காமல் வீட்டுக்கு வருகிறது.

வேலூர் வெயிலில் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலரை வரை ஒரு பெண் பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அது தினமும் நடக்கிறது. அதை நீங்கள் அடம் என்று எழுதி, அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். ஏன் குடிக்கவில்லை என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். நான் படித்த பள்ளியில் பெண்களுக்கென்று இரண்டு அறைகள். ஒன்றில் கதவே கிடையாது. இன்னொன்றில் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவள் தாவணி முனையைக் கதவிடுக்கில் செருகிப் பிடித்துக்கொள்வாள், வெளியே தோழி ஒருத்தி காவல் நிற்பாள். மாதவிலக்கு நாட்களில் அதுவும் முடியாது, லீவு போட்டுவிடுவோம். மற்ற நாட்களில் தண்ணீரே குடிக்காமல் இருந்து பழகினோம். “நாங்கள் எல்லாம் இப்படியா இருந்தோம்” என்று கேட்கிறீர்களே, நீங்களும் இப்படித்தான் இருந்திருப்பீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஞாபகம் வரும்.

ஆனால் நாம் தாக்குப்பிடித்த வெயிலும் இவள் தாக்குப்பிடிக்க வேண்டிய வெயிலும் ஒன்றில்லை. 2023-இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகளை முதலில் 7-ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். அப்புறம் பெரிய வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14 என்றார்கள். எல்லாம் வெயிலால்தான். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாடு அரசு அறிவித்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் தருகிற அந்தப் பெயரை வெயிலுக்கும் கொடுக்க வேண்டி வந்துவிட்டது.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரலில் வங்கதேசம் வெயில் தாங்காமல் பள்ளிகளை மூடியபோது 3 கோடியே 30 லட்சம் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் தெற்கு சூடானில் மாணவர்கள் மயங்கி மயங்கி விழ, நாடு முழுவதும் இரண்டு வாரம் பள்ளிகளை மூடினார்கள். வெயில், புயல், வெள்ளம், வறட்சி என்று 2024-இல் மட்டும் 85 நாடுகளில் 24 கோடியே 20 லட்சம் மாணவர்களின் படிப்பு தடைப்பட்டதாக யுனிசெஃப் கணக்குச் சொல்கிறது. அதில் முதல் காரணம் வெயில்தான். பெரியவர்கள் உடம்பைவிடப் பிள்ளைகள் உடம்பு சீக்கிரம் சூடேறும். தண்ணீரும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பிரேயரில் ஆனதுதான் ஆகும். சாப்பிடாததால் என்று டீச்சர் சொன்னதும் நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். தண்ணீரைப் பற்றி யாருமே கேட்கவில்லை. தலைவலி இருக்கிறதா, சிறுநீர் போகும்போது எரிச்சல் இருக்கிறதா என்று இன்றைக்கே அவளிடம் கேளுங்கள். இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது சொல்லுங்கள், இந்தப் பயத்தை அவளுக்குப் போன் கற்றுக்கொடுத்ததா? நாக்கு வறண்டு, கண் இருட்டி, மண்ணில் விழுந்து எழுந்தவள் அவள். பூமி சூடாகிறது என்று போனில் ஒருவர் சொன்னால், அவளுக்கு அது செய்தி இல்லை, அனுபவம்.

பிள்ளை பெற மாட்டேன் என்கிறாளாம். 13 வயதில் சொல்வதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஜாதகத்தைத் தூக்க வேண்டாம். ஆனால் சிரித்து ஒதுக்கவும் வேண்டாம். 2021-இல் இந்தியா உட்படப் பத்து நாடுகளில், 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் ஆய்வாளர்கள் கேட்டார்கள். பத்தில் நான்கு பேர், இந்தக் காலநிலையை நினைத்தால் பிள்ளை பெறத் தயக்கமாக இருக்கிறது என்றார்கள். நான் பழைய ஆள். குடும்பம் தழைக்க வேண்டும், வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறவள். அதனால்தான் சொல்கிறேன்: ஒரு வீட்டுப் பிள்ளை “எனக்குப் பிள்ளை வேண்டாம்” என்று இந்தக் காரணத்துக்காகச் சொன்னால், அந்த வீட்டுப் பெரியவர்கள் தலைகுனிய வேண்டும். அவளைத் திருத்தப் பார்ப்பது முறையில்லை. பிள்ளைக்குச் சோறு போடுவதோடு பெற்றவர்கள் கடமை முடிந்துவிடாது. பிள்ளை வாழப்போகிற இடத்தைச் சுத்தம் செய்து வைப்பதும் நம் வேலைதான்.

நீங்களோ பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள்! போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், டீச்சர்களைத் தெரியும் என்பதுபோல. அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. எதற்கு? கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வரவா? ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் நல்ல குடிதண்ணீரும் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. கேரளத்தில் 2019-இலேயே, தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்தி வகுப்புகளில் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். இப்போது இங்கேயும் வந்துவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் தாழ்ப்பாள் இல்லாத கதவை வைத்துக்கொண்டு மணி அடித்தால் எந்தப் பெண் பிள்ளை குடிப்பாள்?

ஆகவே திங்கட்கிழமை இன்டர்வெல் நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். தலைமை ஆசிரியர் அறையில் உட்காராதீர்கள். நேரே பெண்கள் கழிப்பறைக்குப் போய், உள்ளே நின்று கதவைச் சாத்திப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மக் இருக்கிறதா, பயன்படுத்திய நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததை அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். வெயில் நாட்களில் பிரேயரை நிழலில் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தாழ்ப்பாளுக்காகத் தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டாம், ஹார்டுவேர் கடையில் நீங்களே ஒன்று வாங்கிப் போங்கள்.

போவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, போனை அவள் கையில் திருப்பிக் கொடுங்கள். தூங்கும் நேரத்தில் வாங்கி வைத்தால் போதும். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நீங்கள் எத்தனை நாள் தாகத்தோடு வீட்டுக்கு வந்தீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். கூட்டத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவளையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்த கடிதத்தில் அவள் மனதைப் பற்றி எழுத வேண்டாம். சாயங்காலம் பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் மீதி இருக்கிறது என்று எழுதுங்கள்.