பாசி, கம்பி, குறடு: கேள்விகளும் என் பதில்களும்

மணி கோர்ப்பது, கம்பி நகை செய்வது பற்றிச் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. பொன் வேலை பற்றிக் கேட்டவர்கள் ஆசாரிமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: ஆச்சி, 20 கேஜ் செம்புக் கம்பி ஆன்லைனில் ஒரு சுருள், உள்ளூரில் ஒரு சுருள் வாங்கினேன். உள்ளூர்க் கம்பி என் மணிக்குள் நுழையவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண். அந்தக் கணக்கு இரண்டு இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் 20 கேஜ் என்றால் 0.81 மி.மீ. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் புழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கணக்கில் அதே 20 என்பது 0.91 மி.மீ. இவ்வளவு வித்தியாசம் போதும், சின்னத் துளையில் கம்பி நின்றுவிடும். அதனால் கேஜ் கேட்காதீர்கள், மில்லிமீட்டர் கேளுங்கள். காதுக் கொக்கிக்கும் கண்ணி மடிக்கவும் 0.8, மணியைச் சுற்றிக் கட்ட 0.4, வடிவம் குலையாமல் நிற்க வேண்டிய சட்டத்துக்கு 1.0.

காயில் கடைக் கம்பி எடைக்குக் கிடைக்கும், கை பழக அது நல்லது. ஆனால் அதன் மேல் எனாமல் பூச்சு உண்டு. அதைத் தீயில் காட்டாதீர்கள், புகை கெடுதல். பூச்சில்லாத செம்புக் கம்பி வளைத்து வளைத்து விறைத்துப்போனால், மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், மறுபடி இளகிவிடும்.

பள்ளத்தூரிலிருந்து: புதிதாகத் தொடங்க என்னென்ன கருவி வேண்டும்?

மூன்றே மூன்று. உருண்டை மூக்குக் குறடு, உள்பக்கம் வரி இல்லாத தட்டை மூக்குக் குறடு, வெட்டிய இடம் தட்டையாக வரும் கட்டர். வரி போட்ட குறடு செம்பில் பல் பதித்துவிடும். முக்கியமான எச்சரிக்கை: மெமரி ஒயர், அதாவது இழுத்து விட்டாலும் பழைய வளையத்துக்கே திரும்பும் கம்பி, எஃகு. அதை நகைக் கட்டரால் வெட்டாதீர்கள், வாய் பள்ளம் விழுந்துவிடும். எலெக்ட்ரீஷியன் கட்டரை அதற்கென்று தனியாக வையுங்கள்.

புதுவயலிலிருந்து: ஜெர்மன் சில்வர் கொக்கி போட்டால் காது அரிக்கிறது.

அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. 925 வெள்ளியில் 0.8 கம்பி வாங்கிக் கொக்கி மடியுங்கள், முனையை அரத்தால் உருட்டிவிடுங்கள்.

காரைக்குடியிலிருந்து: முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சிவப்புப் பாசிச் சரம் வாங்கினேன். பவளமா, கண்ணாடியா? எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. உண்மைப் பவளமாக இருந்தால் சாறு அதை அரித்துவிடும். பவளமும் முத்தும் சுண்ணாம்புச் சத்துதான். லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. மெல்லிய வளர்ச்சி வரிகள் ஓடினால் பவளமாக இருக்கலாம், உறுதிக்கு ரத்தினச் சோதனைக்குக் கொடுங்கள். செம்பு நகையைப் புளி போட்டுத் துலக்குகிறவர்களும் கேளுங்கள்: முத்தோ பவளமோ கோத்திருந்தால் புளி வேண்டாம்.

கோட்டையூரிலிருந்து: தொடங்க என்னென்ன கருவி வேண்டும், ஆச்சி?

பள்ளத்தூர்ப் பதிலைப் படியுங்கள்.

ஆத்தங்குடியிலிருந்து: எங்கள் கல்யாணத் தாலியான கழுத்துருவை நானே புதுச் சரட்டில் கோர்க்கலாமா?

அதற்கு முறை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரிய ஆச்சிமாரிடம் கேளுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: அப்பத்தாவின் முத்து மாலை அறுந்துவிட்டது. எதில் கோர்ப்பது?

பட்டு நூலில், ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சுப் போட்டு. முடிச்சு இருந்தால் முத்தோடு முத்து உரசாது, அறுந்தாலும் உருளுவது ஒன்றுதான். பிரிக்கும் முன் படம் எடுத்து, வரிசை மாறாமல் துணியில் அடுக்குங்கள். நடு முத்து பெரிது, ஓரம் சிறிது என்று தேர்ந்து கோத்திருப்பார்கள். மாலையைப் போல நான்கு மடங்கு நூல் எடுத்து இரட்டை இழையாக்குங்கள். முடிச்சு இறுகுமுன் அதற்குள் ஊசியை விட்டு, முத்தை ஒட்டும்வரை நகர்த்தி, அப்புறம் ஊசியை உருவி இறுக்குங்கள். கடைசி முடிச்சில் சூப்பர் க்ளூ வைக்காதீர்கள், நூல் விறைத்து ஒடியும்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் அண்ணன்: இதை ஏற்க மாட்டேன். பட்டு நூல் வேர்வையில் இற்றுவிடும். நைலான் உறை போட்ட எஃகுக் கியர் ஒயரும், முனையில் நசுக்கிப் பூட்டும் கியர் லாக் மணியும் போட்டால் அறுகிற பேச்சே இல்லை.

அண்ணே, நூல் இற்றும் என்பது உண்மை. ஆனால் நூல் சொல்லிவிட்டுத்தான் போகும்: கறுக்கும், தளரும், முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே இடைவெளி விழும். அப்போது மாற்றிக்கொள்ளலாம். கியர் லாக் நழுவினால் ஒரே நொடியில் மொத்த மாலையும் கல்யாண வீட்டு முற்றத்தில் சிதறும். கியர் ஒயரில் முடிச்சும் போட முடியாது. நைலான் உறை தேய்ந்தால் உள்ளே இருப்பது எஃகு இழை, முத்தோ மென்மையானது.

திருமயத்திலிருந்து: அண்ணன் சொல்வது சரி. என் படிக மாலை நூலில் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

படிகத்துக்கு அவர் சொல்வதுதான் சரி, உங்களுக்குக் கியர் ஒயரே போடுங்கள். படிகமும் அகேட்டும் சூதுபவளம் என்கிற செந்நிறக் கல்லும் ஒரே குவார்ட்ஸ் இனம், கல்லின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் சுமார் 7. துளை விளிம்பு கத்தியாக நின்று நூலை அறுக்கும். முத்து 2.5 முதல் 4.5 வரைதான். சிவகங்கை மாவட்டத்துக் கீழடி அகழாய்வில் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு கடினமான கல்லை அந்தக் காலத்தில் துளைத்த கைகளை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கல்லைப் பார்த்து இழையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஒயர் என்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

அரியக்குடியிலிருந்து: தொடங்க என்ன வாங்குவது? மெமரி ஒயரை எதால் வெட்டுவது?

இரண்டுக்கும் பதில் மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கானாடுகாத்தான் அண்ணன் மறுபடியும்: வேர்வைக்கு என்ன வழி என்று சொல்லவில்லையே?

நைலான் நூல். வேர்வையில் இற்றாது, முடிச்சும் விழும். பட்டு மாதிரிக் குழைந்து விழாது, அதுதான் குறை. தினமும் போடுகிறவர்களுக்கு நைலான், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற மாலைக்குப் பட்டு. எந்தத் தடிமன் என்று அடுத்துக் கேட்பீர்கள்: மாலையிலேயே சின்னத் துளையுள்ள முத்தைக் கடைக்கு எடுத்துப்போங்கள். இரட்டை இழை அதற்குள் இறுக்கமாக நுழைய வேண்டும், முடிச்சு துளைக்குள் போகக்கூடாது.