மூன்று மணி என்றால் ஒன்பது மணி: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு தான்சானியாவைப் பற்றியவை. அங்கே இரிங்கா என்ற ஊரில் இரண்டு வருஷம் கணக்கு டீச்சராக வாலண்டியர் வேலை பார்த்துவிட்டு வந்தவள் என்பதால் நான்கையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கேள்வி: அக்கா, இரிங்காவுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஃபார்ம் ஒன் (செகண்டரியின் முதல் வகுப்பு) பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். “புரிந்ததா?” என்றால் மொத்த வகுப்பும் “யெஸ் மேடம்” என்கிறது, நோட்டைப் பார்த்தால் வெறும் தாள். ஸ்டாஃப் ரூமிலும் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வந்ததே தப்போ என்று ராத்திரியெல்லாம் யோசனை.
– நாமக்கல்லிலிருந்து போயிருக்கும் வாசகி

முதலில் ஸ்டாஃப் ரூம் விஷயத்தைப் பார்ப்போம். காலையில் உள்ளே போனதும் என்ன பேசுகிறீர்கள்? நான் போன புதிதில் நேராக “சாக்பீஸ் எங்கே?” என்று கேட்பேன். நாலு நாள் கழித்து ஒரு சின்ன வயது டீச்சர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ யாருக்கும் வணக்கமே சொல்வதில்லையே, கோபமா என்று கேட்டாள். அங்கே வயதில் பெரியவரைப் பார்த்தால் “ஷிகமோ” சொல்ல வேண்டும், அவர் “மராஹபா” என்பார். அதோடு விடக் கூடாது. ராத்திரி எப்படிப் போனது, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, வேலை எப்படி என்று ஒரு சுற்று விசாரித்த பிறகுதான் சாக்பீஸ். நம் ஊர் கல்யாண வீட்டில் வாசலில் நிற்கும் பெரியவரைத் தாண்டி நேரே பந்திக்குப் போனால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்திருக்கிறது நான் செய்தது.

வேலையாக இருக்கும்போது யாராவது “போலே” என்றால் பரிதாபப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தும்மினாலும் போலே, பயணம் போய் வந்தாலும் போலே, வெயிலில் துணி துவைத்தாலும் போலே. “சிரமப்படுகிறாயே” என்ற அனுசரணை, அவ்வளவுதான்.

இப்போது வகுப்பு. அந்தப் பிள்ளைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் அந்த நாட்டு மொழியான சுவாஹிலியில் படித்துவிட்டு வருகிறார்கள், செகண்டரியில் கால் வைத்த அன்றைக்கே எல்லாம் இங்கிலீஷ். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு இன்ஜினீயரிங் முதல் வருஷத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனை நினைத்துப் பாருங்கள், இவர்களுக்கு அது பதிமூன்று பதினான்கு வயதிலேயே நடக்கிறது. பாதிப் பேருக்குக் கணக்கு தெரியும், நீங்கள் கேட்கிற வாக்கியம்தான் தெரியாது. தெரியவில்லை என்று டீச்சரிடம் சொல்வது மரியாதையில்லை என்பதால் “யெஸ் மேடம்”. சுவாஹிலியில் ஜும்லிஷா என்றால் கூட்டு, தோவா கழி, ஸிடிஷா பெருக்கு, கவான்யா வகு. இந்த நாலையும் நாளைக்கே போர்டின் ஓரத்தில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். “புரிந்ததா?” என்ற கேள்வியையே விட்டுவிட்டு, இரண்டிரண்டு பேராக ஒரு கணக்கைப் போடச் சொல்லிவிட்டு நடுவில் நடந்து பாருங்கள், யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

வந்தது தப்பு இல்லை. ஒன்பது நாளில் உதவி செய்துவிட முடியும் என்று நினைத்ததுதான் தப்பு. முதல் மாதம் முழுக்க அவர்கள்தான் உங்களுக்கு உதவுவார்கள், பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீட்டிங் மூன்று மணிக்கு என்றார்கள், போனால் ஆளே இல்லை. நேரத்துக்கு மரியாதையே கிடையாதா அங்கே?
– வாசகர், கோவை

அவர்கள் காலை ஒன்பதுக்கே வந்து மீட்டிங்கை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள் சார். நானும் இப்படிப் போய் நின்றவள்தான். சுவாஹிலியில் நாள் விடியலில் தொடங்குகிறது. நம்முடைய ஏழு மணி அவர்களுக்கு “ஸா மோஜா”, அதாவது முதல் மணி. “ஸா தாத்து”வில் தாத்து என்றால் மூன்று, ஆனால் நேரம் ஒன்பது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஆறு, ஆறரைக்கு விடிந்துவிடுவதால் இந்தக் கணக்கு அங்கே அழகாகப் பொருந்துகிறது. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணி ஜாதகம் எழுதிய நமக்கு இது புதிதாகவும் தோன்றக் கூடாது. யாராவது நேரம் சொன்னால், இங்கிலீஷ் மணியா சுவாஹிலி மணியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கிறார்கள். பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

எனக்கும் இதுதான் மற்ற எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. அங்கே பள்ளியில் அடிப்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை செய்தது, அதற்கு முன்னால் நாமெல்லாம் வாங்கி வளர்ந்தவர்கள்தானே. வந்த வாரமே ஸ்டாஃப் ரூமில் உபதேசம் செய்தால் அடி நிற்காது, உங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போகும். நீங்கள் பிரம்பைத் தொடாதீர்கள், உங்கள் வகுப்புப் பிள்ளையை அடி வாங்க இன்னொருவரிடம் அனுப்பாதீர்கள். பழக்கம் ஆன பிறகு ஹெட்மாஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் என் பீரியடுக்குள் பிரம்போடு யாரும் வரவில்லை.

கேள்வி: மகன் அடுத்த மாதம் இரிங்கா போகிறான். சைவம். என்னம்மா கட்டிக் கொடுக்கலாம்?
– ஓர் அம்மா, கும்பகோணம்

பட்டினி கிடக்க மாட்டான், கவலைப்படாதீர்கள் அம்மா. உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிண்டும் களி. ஒரு உருண்டை கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் குழி பண்ணி, குழம்பை அள்ளிச் சாப்பிட வேண்டும், வலது கையால் மட்டும். சாப்பிடும் முன் வீட்டுச் சிறுசு யாராவது குடத்தையும் பேசினையும் கொண்டுவந்து கையில் தண்ணீர் ஊற்றுவார்கள், கையை நீட்டினால் போதும். ம்சிச்சா நம் தண்டுக்கீரைக்குச் சொந்தம், சோரோகோ பச்சைப்பயறு. “இறைச்சி சாப்பிட மாட்டேன்” என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். “ஸிலி ந்யாமா, வாலா ஸமாகி” என்று மீனையும் சேர்த்துச் சொல்லப் பழக்கி அனுப்புங்கள்.

பொடி வகைகளை பிளாஸ்டிக் கேரி பையில் கட்டாதீர்கள், 2019 ஜூனிலிருந்து அங்கே அதற்குத் தடை. டப்பாவும் துணிப்பையும் போதும். ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள், இரிங்கா 1500 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், ஜூன் ஜூலையில் பல் கிடுகிடுக்கும். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முறுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள், ஸ்டாஃப் ரூமில் முதல் நாளே காலியாகிவிடும்.