கடலோரத்தில் நிற்கும் காருக்குக் கையால் பொலிஷ், வாக்ஸ் போடலாமா?

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையோரம் நிறுத்தும் கார் மங்கிவிட்டது, கையாலேயே பளபளப்பாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

முதலில் உப்பும் மணலும் போக நன்றாகக் கழுவுங்கள். துணியில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் பெயின்டில் கோடு விழும்.

பொலிஷ் வேறு, வாக்ஸ் வேறு. பொலிஷ் மேல்பூச்சைத் துளித்துளியாகத் தேய்த்து எடுக்கும். அடிக்கடி போட்டால் பூச்சு மெலியும். வாக்ஸ் மேலே காப்பாக நிற்கும். நம்ம உப்புக்காற்றுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் நல்லது.

திருகோணமலை வெயிலில் மட்டும் செய்யாதீர்கள். பொனட் சுட்டால் வாக்ஸ் காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். விடியற்காலை, நிழலில், ஒவ்வொரு பகுதியாக மெல்லிசாகப் பூசுங்கள். அப்புறம் பூசிய வாக்ஸின் மேல் விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள்: வாக்ஸ் ஈசிக்கொள்ளாமல் விரல் பட்ட இடம் சுத்தமாக வந்தால் துடைக்கலாம்.