சாட்டிலைட் ரேடியோ: வாசகர் கேள்விகள்

வேர்ல்ட்ஸ்பேஸ் ரிசீவர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். சாட்டிலைட்டிலிருந்து நேரே ஒலிபரப்பிய அந்தச் சந்தா ரேடியோச் சேவை இந்தியாவில் 2009 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் வராது. விற்பவர் 'லைஃப்டைம் சந்தா இருக்கு' என்று சொன்னால், உடனே நடையைக் கட்டுங்கள்.

அதே செட்டில் அமெரிக்கச் சாட்டிலைட் ரேடியோவான சிரியஸ் எக்ஸ்எம் எடுக்க வழி உண்டா? (கோவை)

இல்லை. வேர்ல்ட்ஸ்பேஸ் செட் பிடிப்பது 1,500 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, சிரியஸ் எக்ஸ்எம் வருவது 2,300-க்கு மேலே. தவிர, சிரியஸ் எக்ஸ்எம் சாட்டிலைட்டுகள் வட அமெரிக்காவுக்கு மட்டும்தான் ஒலிபரப்புகின்றன. பழைய செட்டை வாங்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

'ரேடியோ வேலை செய்யவில்லை, என்ன செய்ய?' (ஊர் பெயர் இல்லை)

மாடலும் இல்லை, எந்தச் சேவை என்றும் இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

மழை வந்தால் சிக்னல் போய்விடுமா? (நாகர்கோவில்)

இந்த அலைவரிசைகளில் மழை பெரிய தொல்லை இல்லை. டி.டி.எச். டிஷ்ஷோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே எதிரி சுவரும் மரமும்தான்.

அமெரிக்காவில் 3 கோடிப் பேர் சாட்டிலைட் ரேடியோ கேட்கிறார்கள். காசு கொடுத்துக் கேட்கும் பழக்கம் நம்மவர்களுக்கு இல்லாததால்தானே இங்கே படுத்துவிட்டது? (திருச்சி)

இந்தப் பழியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வேர்ல்ட்ஸ்பேஸுக்குச் சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். நோவா சமாரா ஆப்பிரிக்காவை மனதில் வைத்துத் தொடங்கிய கம்பெனியை நம் ஆட்கள்தான் காசு கொடுத்துத் தாங்கினார்கள். தமிழுக்கென்று கே.எல். ரேடியோ இருந்தது, விளம்பரத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் இருந்தார்.

கோளாறு வேறு இடத்தில். அமெரிக்காவில் இந்த ரேடியோ பிழைத்தது காரில்தான். கார் கம்பெனிகளே புது வண்டியில் பொருத்தித் தந்தன. உயர்ந்த கட்டடங்கள் மறைக்கும் இடங்களில் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் தரை ரிப்பீட்டர்கள் கைகொடுத்தன. இங்கே ரிப்பீட்டருக்கு வழிசெய்யும் கொள்கையே வரவில்லை. வேர்ல்ட்ஸ்பேஸின் ஆசியாஸ்டார் சாட்டிலைட் நின்றது 105 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே. சென்னையில் கிழக்கு, தென்கிழக்குப் பார்த்த ஜன்னலோ மொட்டைமாடியோ இல்லாத வீட்டில் செட் ஊமைதான். வண்டியில் ஏறினால் இலவச எஃப்.எம். இதற்கு மேல் சந்தாதாரர் என்ன செய்ய முடியும்? 2008 அக்டோபரில் தாய்க் கம்பெனி திவால் மனு போட்டது, அடுத்த ஆண்டே இங்கேயும் கடை மூடல். காரும் ரிப்பீட்டரும் இருந்த சிரியஸும் எக்ஸ்எம்மும்கூட நஷ்டம் தாங்காமல் அதே 2008-இல் ஒன்றாகச் சேர்ந்தன என்பதையும் மறக்காதீர்கள்.

இனி எதிர்காலம் உண்டா? (சேலம்)

அமெரிக்காவில் இன்னும் சில காலம் உண்டு. 2020 கடைசியில் சிரியஸ் எக்ஸ்எம்முக்காக ஏவிய எஸ்எக்ஸ்எம்-7 சாட்டிலைட் விண்வெளியில் பழுதானது; அதற்குப் பிறகும் எட்டு, ஒன்பது, பத்து என்று ஏவிவிட்டார்கள். ஒரு சாட்டிலைட் 15 வருஷம் உழைக்கும் என்பது கணக்கு. ஆனால் அவர்களுடைய புதுக் கார் செட்டுகளே பாதி இணையத்தில்தான் ஓடுகின்றன.

நமக்குப் போன் போதும். வீட்டில் டி.டி. ஃப்ரீ டிஷ் இருந்தால் ஆகாசவாணி சேனல்கள் அதிலேயே வரும், மாதச் சந்தா கிடையாது. எந்தச் சேவைக்கும் பல வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டாதீர்கள்.