வாசகர் கேள்வி: சென்ட்ரேலியா இன்னும் எரிகிறதா?

கே: அமெரிக்காவில் ஒரு ஊருக்கு அடியில் அறுபது வருடமாக நெருப்பு எரிகிறதாம், வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா, வழக்கமான புருடாவா? – ஒரு வாசகர், நெய்வேலி

ப: இந்த முறை வாட்ஸ்அப் பொய் சொல்லவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் சென்ட்ரேலியா என்று ஒரு நிலக்கரிச் சுரங்கத்து ஊர். 1962 மே மாதக் கடைசியில் போர்வீரர் நினைவு நாள் வந்தது, சனங்கள் கல்லறைக்குப் பூ வைக்க வருவார்களே, பக்கத்தில் குப்பை நாறினால் நன்றாக இருக்காது என்று குப்பைக்குத் தீ வைத்தார்கள் என்பதுதான் பலரும் சொல்வது. அந்தக் குப்பைமேடு இருந்ததோ கரி வெட்டிவிட்டு அப்படியே விட்ட பழைய பள்ளம். தீ அதன் வழியே கீழே கரிப்படுகைக்குள் இறங்கிவிட்டது. அங்கே கிடப்பது ஆந்த்ரசைட் என்ற கெட்டியான நிலக்கரி, லேசில் பற்றாது, பற்றினால் லேசில் அணையாது. கீழே பழைய சுரங்கப் பாதைகள் வேறு காற்றை ஊட்டிக்கொண்டே இருக்க, தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள், ஒவ்வொரு முறையும் தீ ஒரு படி முன்னால் போயிருக்கும், ஒதுக்கிய பணம் தீர்ந்திருக்கும்.

கே: காலுக்கடியில் நெருப்பை வைத்துக்கொண்டு யாராவது குடியிருப்பார்களா? உடனே கிளம்பியிருக்க வேண்டாமா? – ஒரு வாசகி, மதுரை

ப: கண்ணுக்குத் தெரிகிற நெருப்பாக இருந்தால் கிளம்பியிருப்பார்கள். இது தெரியவில்லையே! 1979-இல் பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒருவர் தரைக்கடியில் இருந்த டாங்கில் அளவுகோலை விட்டு எடுத்தார், கோல் சுட்டது. தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினால் 78 டிகிரி செல்சியஸ் காட்டியது, பெட்ரோலுக்கு! 1981 பிப்ரவரியில் பாட்டி வீட்டுத் தோட்டத்தில் நின்ற 12 வயதுப் பையனின் காலடியில் மண் பிளந்து உள்ளே இழுத்தது. ஒரு மர வேரைப் பிடித்துத் தொங்கியவனை உறவுக்காரப் பையன் தூக்கிவிட்டான். அன்றைக்கென்று பார்த்து அரசியல்வாதிகளும் சுரங்க அதிகாரிகளும் ஊரைப் பார்வையிட வந்திருந்தார்கள். அதன் பிறகுதான் விஷயம் நாடு முழுக்கத் தெரிந்தது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசும் ஊரைக் காலி செய்ய 4.2 கோடி டாலர் ஒதுக்கியது.

ஊர் இரண்டுபட்டது இங்கேதான். ஒரு வீட்டில், தீயிலிருந்து வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவி அலறும், நாலு வீடு தள்ளி இருப்பவருக்கு ஒன்றுமே இருக்காது, அவர் ஏன் போகவேண்டும்? ஊருக்கு அடியில் கிடக்கும் கரிமேல்தான் அரசாங்கத்துக்குக் கண், தீ ஒரு சாக்கு என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. சந்தேகத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, நிலக்கரிச் சீமையில் கம்பெனியை நம்பிக் கெட்ட குடும்பங்கள் எத்தனையோ. 1980-இல் ஆயிரத்துச் சொச்சம் பேர், 1990-இல் 63 பேர், 2020 கணக்கெடுப்பில் 5 பேர். 1992-இல் மாநில அரசு மொத்த இடத்தையும் கையகப்படுத்தியது, 2002-இல் அஞ்சல் குறியீடும் போனது. மிச்சமிருந்த சிலர் வழக்காடி, 2013-இல் சாகும்வரை அங்கேயே இருக்கலாம் என்று சமரசம் வாங்கினார்கள்.

அந்த ஊர் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியவை. பக்கத்து வீட்டை இடித்ததும், நின்ற வீடு சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் தூண்களை முட்டுக்கொடுத்தார்கள். புல்வெளி நடுவில் ஒற்றை வீடு, விலாவில் வரிசையாக முட்டுத் தூண்கள். எனக்குப் புகையைவிட இந்தத் தூண்கள்தான் என்னவோ செய்தன.

கே: மகன் பென்சில்வேனியாவில் இருக்கிறான். போனால் நெருப்பைப் பார்க்க முடியுமா? – ஒரு வாசகர், திருச்சி

ப: நெருப்பு தெரியாது சார். வந்தவர்கள் எல்லாம் படம் வரைந்து பிரபலமாக்கிய பழைய சாலை ஒன்று இருந்தது, அதையும் 2020-இல் மண் கொட்டி மூடிவிட்டார்கள். மலைமேல் நீலக் குவிமாடத்தோடு உக்ரேனியத் தேவாலயம் ஒன்று நிற்கிறது, அடியில் பாறை என்பதால் தப்பியது, பூசையும் நடக்கிறது. அதைப் பாருங்கள். குளிர்காலத்தில் போனால், சுற்றிலும் பனி கிடக்க ஓரிடம் மட்டும் ஈரமாக, வெறுமையாக இருந்தால் அதன்மேல் மட்டும் கால் வைக்காதீர்கள்.