அறுவைக்குப் பிந்தைய இரவுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் எங்கள் எட்டு வயது கிரேட் டேன் ராஜாவுக்கு இரவுணவுக்குப் பின் வயிறு உப்பிவிட்டது. ஓங்கரித்தான், நுரை மட்டுமே வந்தது. ஓமத்தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் பார்த்தோம். பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாளே வாலாட்டினான், வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். இந்த வயதில் கத்தி வைத்தது கொடுமை என்கிறார்கள் உறவினர்கள். செய்தது சரிதானா? இனி உணவுத் தட்டை உயரத்தில் வைக்கலாமா?

செல்வி

அன்புள்ள செல்வி,

ராஜா பிழைத்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி. உறவினர்கள் பேச்சை விடுங்கள். ராஜாவுக்கு வந்தது இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய். அறுக்காமல் விட்டிருந்தால் வலியில் துடித்தே இறந்திருப்பான். தட்டு தரையிலேயே இருக்கட்டும். பெரிய இன நாய்களைப் பற்றி அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2000இல் வெளியிட்ட ஆய்வு, உயரத்தில் வைத்த தட்டை ஆபத்தோடுதான் தொடர்புபடுத்தியது.

ஓமத்தண்ணீரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. முறுக்கிய இரைப்பைக்கு உள்வழியும் வெளிவழியும் அடைபட்டிருக்கும்போது, ஊற்றியது எங்கே போகும்? உப்பிய இரைப்பை பின்னுடலிலிருந்து இதயத்துக்கு இரத்தம் திரும்பும் பெருஞ்சிரையை அழுத்துகிறது; நீங்கள் காத்திருந்த மணி நேரங்களில்தான் இரைப்பைச் சுவர் கறுத்து அழுகத் தொடங்கும். நுரை மட்டும் வந்தபோதே வண்டியை எடுத்திருக்க வேண்டும்.

‘மறுநாளே வாலாட்டினான்’ என்ற வரியைப் பலமுறை படித்தேன். நான் வளர்த்த டாபர்மேன் கரியனும் வாலாட்டினான். முறுக்கை அவிழ்த்து, இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்து, மண்ணீரலையும் காப்பாற்றியிருந்தார்கள். இன்னும் இரண்டு இரவு இருக்கட்டும் என்று மருத்துவர் சொன்னார். கூண்டுக்குள் அவன் முனகியதைப் பொறுக்காமல் கையெழுத்திட்டு அழைத்து வந்தேன். என் கட்டிலருகே பாயில் படுத்திருந்தவன் விடியுமுன் எழுந்து நின்றான், அப்படியே சரிந்தான். தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. நின்றது இதயம்.

இந்த நோயில் பத்துக்கு நான்கு நாய்கள் வரை இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுகிறது, பெரும்பாலும் முதல் ஒன்றரை நாளுக்குள். அதிர்ச்சி நிலையில் இரத்தம் போதாமல் தவித்த இதயத்தசையின் மீது, முறுக்கு அவிழ்ந்த இரைப்பையில் தேங்கிய நஞ்சும் இரத்தத்தோடு வந்து சேர்கிறது. பலவற்றுக்குத் தானே சரியாகும். சிலவற்றுக்கு டிரிப்ஸ் வழியே லிக்னோகெயின் என்ற மருந்தை ஏற்றினால் அடங்கும். ஆனால் கோளாறு வந்திருப்பதை இ.சி.ஜி. காட்ட வேண்டும், வால் காட்டாது. அதனால்தான் மூன்று நாள் வரை கண்காணிப்பில் வைக்கச் சொல்கிறார்கள். நம்மை விட்டு அது வாடுகிறதே என்று தூக்கி வருவது, செல்வி, பாசமே ஆனாலும், அந்த மூன்று நாளும் நம் தவிப்பை நாம்தான் அடக்கிக்கொள்ள வேண்டும்.

ராஜாவின் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்தார்களா என்று கேளுங்கள். தைக்காத நாய்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு மறுபடி முறுக்குகிறது. தைத்தால் நூற்றில் ஐந்துக்கும் குறைவு. தைத்த பிறகும் காற்றடைத்து உப்பலாம், ஆகவே உணவைச் சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுங்கள். தையல் பிரிக்கும்வரை, பத்துப் பதினான்கு நாள், ஓடவோ தாவவோ விடாதீர்கள். நாளையே மருத்துவரிடம் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.