பழைய கேம்பர் வேன் இழுக்கலையா? கேள்வி-பதில்

சாரல் தொடங்கினால் கேள்விகளும் தொடங்கிவிடும். பழைய வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுகிறவர்கள் எழுதியதில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: வண்டி இழுக்கவில்லை.

அண்ணாச்சி, என்னுடையது 2003 டெம்போ டிராவலர், டர்போ இல்லாதது. வீடாக்கிய பிறகு புளியரை எஸ் வளைவில் இரண்டாவது கியரிலேயே உருளுது, பின்னால ஒரே கறுப்புப் புகை. டர்போ மாட்டினால் சரியாகுமா? (அம்பாசமுத்திரம்)

டர்போவை (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற விசிறி) அப்புறம் பார்ப்போம். கறுப்புப் புகை வந்தால் டீசல் போதுமான அளவு போகிறது, அதை எரிக்கக் காற்றுதான் போதவில்லை என்று அர்த்தம். அதனால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஃபில்டருக்குப் போகிற ரப்பர் குழாயையும் கையால் அமுக்கிப் பாருங்கள், உள்பக்கம் தளர்ந்துபோய் இன்ஜின் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்கிற குழாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்து நாசில், அதாவது டீசலை இன்ஜினுக்குள் தூவுகிற முனை. டீசல் பம்ப் பட்டறையில் டெஸ்டரில் மாட்டி அடித்துக் காட்டுவார்கள். மெல்லிசாகத் தூவ வேண்டும், சொட்டினால் அதுதான் புகைக்குக் காரணம். இது முடிந்தபின் பம்ப் டைமிங், அதாவது பம்ப் சரியான நேரத்தில் டீசலை அடிக்கிறதா என்று பார்ப்பது.

அப்புறம் எடை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 200 லிட்டர் தொட்டியை அம்பையிலேயே ரொப்பிக்கொண்டு குற்றாலம் வழியாக மலை ஏறுவது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோகிற கதை. பாதித் தொட்டியோடு கிளம்புங்கள், வேண்டியதைப் போகிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது டர்போ. பழைய டிராவலரில் இருப்பது பெரும்பாலும் மெர்சிடிஸின் ஓஎம்616 வழியில் வந்த இன்ஜின். நல்ல உழைப்பாளி, ஆனால் டர்போ இல்லாமல் ஓடுவதற்காகச் செய்தது, அமுக்க விகிதமும் (சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கணக்கு) அதிகம். இதே குடும்பத்து ஐந்து சிலிண்டர் ஓஎம்617-க்கு மெர்சிடிஸ்காரர்களே டர்போ வைத்தபோது, பிஸ்டனுக்கு அடியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கிற ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். அது இல்லாமல் பழைய சாமான் கடையில் எடுத்த டர்போவை மாட்டி, டீசல் அளவைக் கூட்டுகிற பம்ப் ஸ்க்ரூவையும் இரண்டு சுற்று திருகிவிட்டால் டவுனுக்குள் ஜம்மென்று ஓடும், ஆரியங்காவு ஏற்றத்தில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போகும். போதாக்குறைக்கு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டும். என்னைக் கேட்டால் வேண்டாம்.

என் வண்டியில் புகையே இல்லை, ஆனா இழுவையும் இல்லை. (களக்காடு)

உங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, அநேகமாக டீசலே போதுமான அளவு போகவில்லை. காசில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்து, வீட்டில் யாரையாவது ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். பம்பில் இருக்கிற லீவர் அதன் ஸ்டாப் ஸ்க்ரூவைப் போய்த் தொட வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தால் அரை விரல் இடைவெளி நிற்கும். கேம்பர் ஆக்கும்போது தரையில் தடிமனாக விரிப்பு போட்டிருப்பீர்கள், பெடல் அதில் போய் முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு! அது சரியாக இருந்தால் டீசல் ஃபில்டர். அதுவும் இல்லையென்றால் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள் (தொட வேண்டாம்). ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது.

ரேஸ் வண்டிக்குப் போடுகிற திறந்த ஃபில்டர் போடலாமா? (திசையன்விளை)

தேரிக்காட்டுச் செம்மண்ணை மாவாகப் பறக்கவிடுகிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா தம்பி! திறந்த ஃபில்டர் இன்ஜின் ரூமில் உள்ள சூடான காற்றைத்தான் இழுக்கும், சூடான காற்றில் அடர்த்தி குறைவு, பவரும் குறையும். பழைய பெட்டி ஃபில்டரையே வைத்துக்கொண்டு, அதன் வாய்க்கு முன்பக்க கிரில் வரை ஒரு குழாய் கொடுத்துக் குளிர்ந்த காற்றை வாங்குங்கள். ஆயில் பாத் ஃபில்டராக (தூசியை எண்ணெயில் பிடிக்கிற பழைய வகை) இருந்தால் அடியில் சேறு கட்டியிருக்கும், வழித்துவிட்டுப் புது ஆயில் குறியளவு ஊற்றுங்கள், அதற்கு மேல் ஊற்றக்கூடாது.

ஆடியில் நாகர்கோவில் போகும்போது பணகுடி தாண்டினதும் வண்டி செத்துப்போகுது, திரும்பி வரும்போது பறக்குது. இன்ஜின் கோளாறா? (வள்ளியூர்)

அது காற்று அய்யா. அங்கே காற்றாலையைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் நெற்றியில் அடிக்கிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: நீங்கள் 60-ல் போகும்போது எதிர்க்காற்று 30 அடித்தால் வண்டிக்கு அது 90. தடை இரண்டே கால் மடங்கு. கூரையில் இருக்கிற கேரியரை, அதில் வருஷக்கணக்காகக் கட்டி வைத்த தார்ப்பாயோடு இறக்குங்கள். முப்பந்தல் தாண்டும்வரை ஒரு கியர் குறைத்துப் போங்கள், அவ்வளவுதான்.

டெக்சாஸில் இருக்கிற மகன் 1991 மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறான், செவர்லே 454 பெட்ரோல் இன்ஜின். என்ன மாற்றலாம் என்று கேட்கிறான். (பாளையங்கோட்டை)

அந்த 7.4 லிட்டர் வி8-க்கு வெளியே மாட்டுகிற சாமானால் நிஜமாகவே பலன் உண்டு அம்மா. கம்பெனி போட்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களின் புகையைத் திரட்டி வெளியே விடுகிற பாகம்) சைலன்சரும் இன்ஜினின் மூச்சை அடைக்கிறவை. அதற்குப் பதில் ஹெடர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் உள்ளது), அகலமான குழாய், தடையில்லாத சைலன்சர் போட்டால் ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும். மைலேஜ் கூடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். பழைய மேனிஃபோல்டு போல்ட்டுகள் துருப்பிடித்து ஒடியும், முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவைக்கச் சொல்லுங்கள். ஹெடர் சூடு பிளக் ஒயரை உருக்கும், ஓட்டுநர் காலுக்குப் பக்கத்தில் உள்ள இன்ஜின் மூடி வழியாக உள்ளேயும் அடிக்கும். வெப்பத் தடுப்புக்கும் சேர்த்து இப்போதே பணம் ஒதுக்கட்டும். பின்னால் கலிபோர்னியாவுக்குக் குடிபோகிற எண்ணம் இருந்தால் அங்கத்திய புகைக் கட்டுப்பாட்டு ஒப்புதல் எண் உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது.

டீசல் குழாயில் மாட்டினால் பவர் கூடும் என்கிறார்களே, அந்தக் காந்தம்? (மேலப்பாளையம்)

வேண்டாம்.

மாஞ்சோலை ஏறும்போது பாதிக்கு மேல் வண்டி சோர்ந்துவிடுகிறது. பெரிய டயர் போட்டால்? (கல்லிடைக்குறிச்சி)

இன்னும் சோர்ந்துபோகும். டயர் பெரிதானால் எல்லா கியரும் நீளும், அடிமட்ட இழுவை குறையும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு 1,000 மீட்டர் ஏறினால் பத்தில் ஒரு பங்கு பவர் போய்விடும், காற்றே மெலிகிறது. ஆர்.சி.யில் உள்ள அளவு டயரையே போட்டு, காற்றைச் சரியாக அடித்து, முதல் கியரில் நிதானமாக ஏறுங்கள். வனத்துறை அனுமதியை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், மணிமுத்தாறு செக்போஸ்டில் நின்று எனக்கு போன் போட வேண்டாம்.